பீரங்கிக்கு ஒரு மாடு, ஏருக்கு ஒரு மாடு: மைசூர் மேட்டுநிலத்தின் இழுவை வரலாறு

பெங்களூருக்குத் தென்மேற்கே, மைசூர்ச் சாலையில் உள்ள பிடதியில் 2022 முதல் ஹைலக்ஸ் என்னும் பெரிய பிக்கப் வண்டி உருவாகி வெளிவருகிறது. அதை வாங்க எண்ணுபவர், இணையான மற்றொரு வண்டியான வி-கிராஸையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அவருடைய கேள்வி எளியது. ஆண்டில் சில நாள்கள் மட்டும் பெருஞ்சுமையை இழுப்பதற்காக வண்டியைத் தேர்வதா, ஆண்டு முழுவதும் ஓடப்போகும் அன்றாடப் பயணத்துக்காகத் தேர்வதா? இழுதிறன் மிகுந்தால் விலையும் எரிபொருட்செலவும் மிகும். அன்றாட வசதியை முதன்மையாகக் கொண்டால், என்றோ ஒருநாள் சேற்றில் சுமையோடு நிற்க நேரிடும்.

இதே மேட்டுநிலத்தில் இதே கேள்வி மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வந்துள்ளது. அன்று ஒப்பிடப்பட்டவை மாடுகள். அரசு ஒரு விடையைத் தேர்ந்தது. உழவர் வேறொரு விடையைத் தேர்ந்தனர். அவ்விரு விடைகளின் விளைவுகளை இன்றும் பெங்களூரைச் சுற்றிக் காணலாம். மைசூரின் படைத்தொழில்நுட்பம் என்றவுடன் ஏவுகணைகளைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். அந்த ஏவுகணைகளையும் பீரங்கிகளையும் களத்துக்குக் கொண்டு சேர்த்த இழுவை ஏற்பாட்டைப் பற்றி நாம் பேசுவது குறைவு. இப்பதிவு அதைப் பற்றியது.

1. தொட்டதனமும் நாடுதனமும்

பழைய மைசூர்க் குறிப்புகள் அந்நாட்டின் மாடுகளை இரண்டு பெரும்பிரிவாகச் சொல்கின்றன. ஒன்று 'நாடுதன', அதாவது ஊர்மாடு. மற்றொன்று 'தொட்டதன', அதாவது பெரிய மாடு. 'தன' என்பது கன்னடத்தில் மாட்டைக் குறிக்கும் சொல். ஊர்மாடு சிறியது, கொல்லையில் கிடைத்ததைத் தின்று, ஏரும் வண்டியும் இழுத்து, வீட்டோடு வாழ்வது. பெரிய மாடு வெளிநிலங்களில் மந்தையாகத் திரிவது. உயரமும் வேகமும் முரட்டுத்தனமும் கொண்டது.

இந்தப் பெரிய மாடுகளில் சிறந்ததாகக் கருதப்பட்டது ஹள்ளிகார். விசயநகரப் பேரரசின் பேராளர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 'கருஹட்டி' என்ற பெயரில் ஒரு மாட்டுப் பண்ணையை வைத்திருந்தனர் என்றும், அது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் உடையார்களின் கைக்கு வந்தது என்றும் மரபு கூறுகிறது. சிக்க தேவராஜ உடையார் (ஆட்சிக்காலம் 1673–1704) அதை ஓர் அரசுத் துறையாக்கினார். அதன் பெயர் 'பெண்ணெ சாவடி', தமிழில் வெண்ணெய்ச் சாவடி. அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் தருவது அதன் வெளிப்படையான பணி. மந்தைகள் மேய்வதற்கென நாடெங்கும் 'காவல்' எனப்படும் புல்வெளிகள் ஒதுக்கப்பட்டன. ஒரே காவலில் ஆண்டு முழுதும் புல் இராது. ஆகவே கோடைக்காவல், மழைக்காவல், குளிர்காலக் காவல் எனப் பருவத்துக்கேற்ப அவை வகுக்கப்பட்டு, மந்தைகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓட்டிச் செல்லப்பட்டன.

ஹைதர் அலி பாளையக்காரர்களை வென்றபோது அவர்களுடைய மந்தைகளையும் சேர்த்துக்கொண்டார். அவரிடம் குறைந்தது 60,000 காளைகள் இருந்தன என்று மைசூர் கெசட்டியர் கூறுகிறது. திப்பு சுல்தான் துறையின் பெயரை 'அமிர்தமகால்' என மாற்றினார். அதன் நிர்வாகத்துக்கென ஓர் ஆணைநூலை வெளியிட்டார். மந்தைகளை ஆண்டுதோறும் கணக்கெடுக்கச் செய்தார். ஹள்ளிகார், ஹாகலவாடி, சித்ரதுர்கா என்னும் மூன்று வகை மாடுகள் அமிர்தமகால் என்ற ஒரே பெயருக்குள் அடங்கின.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமிர்தமகால் என்பது முதலில் ஓர் அலுவலகத்தின் பெயர். பின்னரே அது ஒரு மாட்டினத்தின் பெயராயிற்று. ஹள்ளிகாரும் அமிர்தமகாலும் குருதியால் நெருங்கியவை. இரண்டையும் பிரித்தது வளர்ப்புமுறையும் பயனும்தாம். அரசின் காவலில் வளர்ந்து பீரங்கி இழுத்தது அமிர்தமகால் எனப் பெயர் பெற்றது. உழவரின் தொழுவத்தில் வளர்ந்து ஏரிழுத்தது ஹள்ளிகாராகவே நின்றது.

2. ஒரு பீரங்கிக்கு எத்தனை மாடு?

அரசுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதை ஒரு சிறிய கணக்கால் விளக்கலாம். கோட்டைச்சுவரை உடைக்கப் பயன்பட்ட 24 பவுண்டுக் குண்டு எறியும் இரும்புப் பீரங்கியின் குழல் மட்டும் ஏறத்தாழ இரண்டரை டன் எடையுள்ளது. சக்கரவண்டியையும் சேர்த்து மூன்றரை டன் எனக் கொள்வோம். ஒரு காளை நாள் முழுதும் களைக்காமல் இழுக்கக்கூடிய விசை, அதன் உடலெடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. 450 கிலோ எடையுள்ள காளை 45 கிலோ விசையைத் தொடர்ந்து தரும்.

இறுகிய சமதரையில் உருளும் வண்டியை நகர்த்த அதன் எடையில் இருபதில் ஒரு பங்கு விசை போதுமென்றால், 175 கிலோ தேவை. நான்கு காளைகள் போதும். அதே வண்டி சேற்றில் இறங்கினால் எடையில் நான்கில் ஒரு பங்கு விசை தேவைப்படும்; அது 875 கிலோ. இப்போது இருபது காளைகள் வேண்டும். பத்துக்கு ஒன்று ஏறும் மலைச்சரிவு என்றால் மேலும் 350 கிலோ. இத்துடன் முடியவில்லை. நீண்ட கயிற்றில் பல ஜோடிகளைப் பூட்டினால் எல்லா மாடுகளும் ஒரே கணத்தில் இழுப்பதில்லை. எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொன்றின் பங்கும் குறைகிறது. ஆகவே ஒரே பீரங்கிக்குப் பல பத்து மாடுகள் பூட்டப்பட்டன. மலைக்கணவாய்களில் பின்னாலிருந்து நெற்றியால் தள்ள யானை நிறுத்தப்பட்டது.

சமதரையில் நான்கு மாடு, சேற்றில் இருபது, சேறான சரிவில் முப்பதுக்கும் மேல். அன்றாடத் தேவைக்கும் உச்சத்தேவைக்கும் இடையே இவ்வளவு இடைவெளி. உச்சத்தேவைக்காக மாடு வைத்திருப்பவர் மற்ற நாள்களிலும் அத்தனை வாய்க்கும் தீனி போட வேண்டும். உழவர் ஒருவரால் அது இயலாது. காவல்நிலங்களைக் கையில் வைத்திருந்த அரசால் இயன்றது.

3. 1791: கனகபுரா வழி

வாடகை மாட்டை நம்பிய படைக்கும் சொந்த மாட்டை வைத்திருந்த படைக்கும் இருந்த வேறுபாடு மூன்றாம் மைசூர்ப் போரில் வெளிப்பட்டது. 1791ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காரன்வாலிஸ் வேலூர்ப் பக்கமிருந்து முகிலிக் கணவாய் வழியாக மேட்டுநிலம் ஏறினார். மார்ச் 7 அன்று பெங்களூர்ப் பேட்டையும் மார்ச் 21 அன்று கோட்டையும் வீழ்ந்தன. மே மாதத்தில் அவர் ஸ்ரீரங்கப்பட்டணம் நோக்கிப் புறப்பட்டார். நேர்வழியில் தீவனத்தையும் தானியத்தையும் திப்புவின் படை அழித்துவிட்டிருந்ததால், காங்கானஹள்ளி, அதாவது இன்றைய கனகபுரா வழியைப் பிடித்தார்.

மே 15 அன்று அரகெரே அருகே நடந்த போரில் அவர் வென்றார். ஆயினும் நகரை முற்றுகையிட இயலவில்லை. மழை தொடங்கிவிட்டது, மாடுகளுக்குத் தீனியில்லை, நோயும் பரவியது, மாடுகள் கூட்டங்கூட்டமாக மாண்டன. முற்றுகைப் பீரங்கிகளை மேற்கே கண்ணம்பாடி வரை கொண்டுசென்ற படை, அவற்றை மேலும் இழுக்கவோ திரும்பக் கொண்டுவரவோ வழியின்றி அங்கேயே அழித்தது. இன்று கிருஷ்ணராஜ சாகர் அணை நிற்கும் இடம் அது. மேற்கிலிருந்து வந்த அபர்கிராம்பியின் படைக்கும் அதே கதியே நேர்ந்தது. களத்தில் வென்றவர் இழுவையில் தோற்றுப் பெங்களூருக்குத் திரும்பினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தை உண்மையில் நெருக்க 1792 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்தோல்விக்கு மாட்டின் இனத்தை மட்டும் காரணமாகச் சொல்வது பிழை. கும்பினிப் படையின் மாடுகளில் பெரும்பகுதி கர்நாடகச் சமவெளியில் ஒப்பந்தத்துக்கு அமர்த்தப்பட்டவை. மாடு ஒருவருடையது, ஓட்டுபவர் மற்றொருவர், பயன்படுத்துபவர் மூன்றாமவர். தீனி குறையும்போது மாட்டைக் காக்கும் அக்கறை மூவரில் எவருக்கும் முழுமையாக இல்லை. அமிர்தமகாலில் கன்று பிறந்தது முதல் கழுத்தில் நுகம் ஏறுவது வரை எல்லாம் ஒரே துறையின் பொறுப்பில் இருந்தன. வண்டியின் வலிமை எஞ்சினில் மட்டும் இல்லாதது போலவே, மாட்டின் வலிமையும் தசையில் மட்டும் இல்லை. மேய்ச்சல்நிலம், பழக்குபவர், ஓட்டுபவர், கணக்கெழுதுபவர் ஆகிய எல்லாரும் சேர்ந்ததே இழுதிறன்.

4. வேகம் என்னும் புகழ்

அமிர்தமகாலின் புகழுக்கு அடிப்படையான சில செய்திகள் கெசட்டியர்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. 1781இல் சிதம்பரத்தைக் காக்க ஹைதர் அலி இரண்டரை நாளில் 100 மைல் கடந்தார். பெதனூரை மீட்கத் திப்பு ஒரே மாதத்தில் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்தார். தோற்ற களத்திலும் எதிரியின் கண்முன்னே ஹைதர் தம் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு நீங்கினார் என்பன அவை. மாடு இழுக்கும் பீரங்கிப் படைக்கு நாளொன்றுக்குப் பத்து மைல் என்பதே நல்ல நடை. அதனோடு ஒப்பிட்டால் நாளுக்கு 40 மைல் என்பது வியக்கத்தக்கது.

இவற்றை நாம் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். இச்செய்திகள் பெரும்பாலும் படைத்துறை, நிர்வாக ஆவணங்களின் வழியே நம்மிடம் வந்தவை. ஒரு துறையின் பயனை நிறுவ வேண்டிய இடத்தில் அத்துறையின் பழம்பெருமை விரிவாக எழுதப்படுவது இயல்பு. விற்பனையாளரின் கையேட்டில் அச்சாகும் இழுதிறன் எண்ணைப் போன்றது அது. பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் எந்தச் சாலையில், எந்தச் சுமையோடு, எத்தனை மாடுகளை இழந்து என்பதை அந்த எண் சொல்வதில்லை.

ஆயினும் எதிர்த்தரப்பின் நடத்தை அப்புகழுக்கு ஒரு சான்று. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்கே தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லியின் கடிதங்களில் மாடும் தீவனமும் ஓயாத கவலையாக இருந்தன. 1800இல் தோண்டியா வாக்கைத் துரத்தியபோதும், 1803இல் மராத்தியருக்கு எதிராகச் சென்றபோதும் மைசூர் மாடுகளே அவருக்கு இழுவையாயின. வென்றவர்கள் தோற்றவரின் கொடியை இறக்கினார்கள், மாட்டுத்துறையை வைத்துக்கொண்டார்கள்.

5. ஒரே வேலைக்கான மாடு

இனி உழவரின் பக்கம் வருவோம். அமிர்தமகால் மாடு மந்தையாகத் திறந்தவெளியில் வளர்ந்தது. பழக்கமில்லாதவர் நடந்து அருகே சென்றால் மிரளும், முட்டும். மூன்று வயதளவில் பிடித்துப் பழக்கத் தொடங்கினால் வேலைக்கு முழுதும் ஆயத்தமாக மேலும் சில ஆண்டுகள் ஆகும். வெண்ணெய்ச் சாவடி என்று துறைக்குப் பெயர் இருந்தும் பசுக்களின் பால் கன்றுக்கே போதுமான அளவுதான்.

உழவரின் அன்றாட இழுவையோ வேறு தன்மையது. காலையில் ஏர், பகலில் கிணற்றுக் கவலை, சந்தை நாளில் வண்டி, அறுவடைக்குப்பின் களத்தில் போரடிப்பு. கவலை இறைக்கும் மாடு சரிவில் இறங்கித் தோற்சாலை மேலே இழுத்து, நீர் கொட்டியதும் பின்னோக்கி நடந்து மேலேற வேண்டும். ஒரு நாளில் இது நூற்றுக்கணக்கான முறை நிகழும். இங்கே தேவைப்படுவது பொறுமை. பீரங்கியோடு பாய்ந்தோடும் குணம் இவ்வேலைக்கு இடையூறு.

எனவே தும்கூரு, ஹாசன், மண்டியா, பெங்களூர்ப் பகுதி உழவர்கள் பெரிய மாட்டின் உருவத்தையும் நடையையும் எடுத்துக்கொண்டு, அதைத் தொழுவத்தில் கட்டிக் கைத்தீனி கொடுத்து வளர்த்தனர். இருவகை மாட்டில் ஒன்றைத் தேர்வதற்கு மாறாக, ஒன்றை மற்றொன்றின் வேலைக்குப் பழக்கினர். இன்றைய ஹள்ளிகார் அந்தத் தேர்வின் விளைவு.

தமிழகத்திலும் ஒப்பிடத்தக்க ஏற்பாடுகள் உண்டு. ஆலம்பாடி, பர்கூர், காங்கேயம் ஆகியவற்றை விலங்கியலார் ஹள்ளிகாரோடு சேர்த்து மைசூர் வகை இழுவை மாடுகள் என்றே வகைப்படுத்துவர். காங்கேயத்தின் வளர்ச்சியில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் பங்கு நன்கு அறியப்பட்டது. கொங்கு நாட்டில் மேய்ச்சல்நிலம் கொரங்காடு. கிளுவை வேலியிட்ட, குடும்ப உடைமையான நிலம். மைசூரில் மேய்ச்சல்நிலம் காவல், அரசின் நிலம். இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பின்னர் நிகழ்ந்தவற்றை அதுவே பெரிதும் தீர்மானித்தது.

6. செலவுக்கணக்கு

1799க்குப் பின் மைசூர் அரசின் பொறுப்பில் மந்தைகள் சீர்கெட்டதால், 1813இல் அவை சென்னை இராணுவத்தின் மேற்பார்வைக்கு மாற்றப்பட்டன. கேப்டன் ஹார்வி அதன் பொறுப்பை ஏற்றார். மந்தை மீண்டும் பெருகியது. 1860இல் சென்னை ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெல்யன் சிக்கனம் கருதித் துறையைக் கலைத்தார், மந்தைகள் விற்கப்பட்டன. 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர் தண்டு வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இனி மாடெதற்கு என்று எவரும் கேட்டிருக்கலாம். ஆயினும் 1866இல் துறை மீண்டும் நிறுவப்பட்டது. இருப்புப்பாதை முடியும் இடத்திலிருந்து பீரங்கியை இழுக்கத் தரமான மாடு சந்தையில் எளிதில் கிடைக்கவில்லை. கலைக்க ஓர் ஆணை போதும். மீண்டும் உருவாக்கப் பல தலைமுறைக் கன்றுகள் வேண்டும்.

1881இல் ஆட்சி உடையார்களிடம் திரும்பியதை அடுத்து, 1882இல் அமிர்தமகாலும் மைசூர் அரசிடம் வந்தது. பின்னர் அது வேளாண்துறையின் கீழ்ச் சென்றது. மோட்டார் வண்டி பீரங்கியை இழுக்கத் தொடங்கியதும் இம்மாட்டின் ஒரே வேலை மறைந்தது. சிக்கமகளூரு மாவட்டத்து அஜ்ஜம்புராவில் அரசு இனப்பெருக்க நிலையம் இன்றும் இயங்குகிறது. காளைக்கன்றுகள் ஏலத்தில் விற்கப்படுகின்றன. மாட்டினத்தின் இருப்பு ஏறத்தாழ முழுவதும் ஒரு துறையின் நிதி ஒதுக்கீட்டைச் சார்ந்து நிற்கிறது.

ஹள்ளிகாரின் நிலை வேறு. டிராக்டரும் சிறு சரக்கு வண்டிகளும் அதன் வேலையையும் குறைத்துவிட்டன. ஆனால் அது பல்லாயிரம் தொழுவங்களில் பரவியிருந்தது. பெங்களூருக்கு வடக்கே தொட்டபள்ளாப்பூர் அருகே காட்டி சுப்பிரமணியாவில் ஆண்டுதோறும் கூடும் மாட்டுச்சந்தைக்குச் சென்றால், ஒரு ஜோடி ஹள்ளிகாருக்காக உழவர்கள் காட்டும் பெருமிதத்தை இன்றும் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை நாட்டுமாடுகளுக்கு வெளியிட்ட அஞ்சல்தலைகளில் காங்கேயத்தோடு ஹள்ளிகாரும் இடம்பெற்றது.

7. எஞ்சியிருப்பது நிலம்

மாட்டுக்கு வேலை போனதும் காவல்நிலம் 'பயனற்ற நிலம்' ஆயிற்று. சித்ரதுர்கா மாவட்டத்துச் சல்லகெரேயில் அமிர்தமகால் காவல்களில் ஏறத்தாழ 10,000 ஏக்கர் பாதுகாப்பு, அணுவாற்றல், விண்வெளி ஆய்வு நிறுவனங்களுக்கும் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்துக்கும் ஒதுக்கப்பட்டது. ஆடு மேய்த்தும் கம்பளி நெய்தும் அப்புல்வெளியைச் சார்ந்து வாழ்ந்த ஊர்மக்கள் எதிர்த்தனர். வழக்கு சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் அமர்வுக்கு வந்தது. மறுபுறம், கடூர் வட்டத்துப் பாசூரில் இதே வகைக் காவல் ஒன்று வெளிமான்களுக்காகக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டுள்ளது. மாட்டுக்காக மரமின்றிக் காக்கப்பட்ட புல்வெளி, மானுக்கும் புகலிடமாக இருந்திருக்கிறது.

பெங்களூருக்குள்ளும் காவல் பைரசந்திரா, ஜாரகபண்டெ காவல், பி.எம். காவல் எனப் பெயர்கள் எஞ்சியுள்ளன. இவை எல்லாம் அமிர்தமகாலுக்கு உரியவை எனக் கொள்ள முடியாது. காவல் என்பது ஒதுக்கப்பட்ட மேய்ச்சல்நிலத்துக்குப் பொதுப்பெயர். எது எவருடைய காவலாக இருந்தது என்பதை ஊர்வாரியாக ஆராய்வதே இப்போது செய்யத்தக்க பணி.

ஆகவே அரசும் உழவரும் தேர்ந்தவற்றில் எது சரி? 1781இன் போர்க்களத்தில் நின்று கேட்டால் அரசின் விடை சரி. உச்சச்சுமையை இழுக்கும் திறனே அன்று நாட்டைக் காத்தது. இன்று நின்று கேட்டால் உழவரின் விடை நிலைத்திருக்கிறது. ஒரே வேலைக்காக வளர்க்கப்பட்டது அவ்வேலை மறைந்தபோது தன் நிலத்தையும் இழந்தது. பல வேலைகளுக்குப் பழகியது, வேலை குறைந்தபின்னும் மனிதரின் பற்றினால் நிற்கிறது. ஆனால் அந்த அரசுமந்தை இல்லாமல் உழவரின் மாட்டுக்கு இவ்வளவு உயர்ந்த குருதி எளிதில் கிடைத்திராது என்பதையும் மறக்கலாகாது. இரண்டு விடைகளும் ஒன்றையொன்று சார்ந்தே இயங்கின.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1813 முதல் 1882 வரை இம்மந்தைகளின் வரலாறு பெரும்பாலும் சென்னையின் படைத்துறையோடு பிணைந்தது. அதற்குப் பிந்தையது மைசூர் அரசோடு பிணைந்தது. எழும்பூரிலும் பெங்களூரிலும் உள்ள ஆவணக் காப்பகங்களை ஒருசேரப் படிப்பவர், கன்னடமும் தமிழும் அறிந்தவராக இருந்தால், மாட்டை ஓட்டியவர்களையும் மேய்த்தவர்களையும் அந்த ஏடுகளின் ஓரங்களிலாவது கண்டெடுக்க முடியும். மன்னர்களையும் தளபதிகளையும் பற்றி நிறைய எழுதிவிட்டோம். கண்ணம்பாடிச் சேற்றில் மாட்டின் கயிற்றைப் பிடித்து நின்றவர்களைப் பற்றி இன்னும் எழுதத் தொடங்கவில்லை.